4ஜி நெட்வொர்க் எப்படி இயங்குகிறது: சைட்டில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். டிப்ளமோவில் ஈசிஇ முடித்துவிட்டு, பெருந்துறைப் பக்கம் டவர் பராமரிப்பு எடுத்திருக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பேட்டரி, ரெக்டிஃபயர், ஃபைபர் எல்லாம் கைப்பழக்கம் ஆகிவிட்டது. அடுத்து ஆப்டிமைசேஷன் (நெட்வொர்க்கை மெருகேற்றுவது) பக்கமோ கோர் (நெட்வொர்க்கின் மையப் பகுதி) பக்கமோ போக ஆசை. அதற்காக 4ஜி ஆர்க்கிடெக்சரைப் படிக்க உட்கார்ந்தால், இநோட்பி, எம்எம்இ, எச்எஸ்எஸ், எஸ்-கேட்வே, பி-கேட்வே என்று பெட்டிகளும் கோடுகளுமாக ஒரு படம். மனப்பாடம் செய்தாலும் மறுவாரம் நினைவில் நிற்பதில்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் படத்தை மூடி வையுங்கள். ஒரே ஒரு போனை எடுத்துக்கொண்டு, அது ஆன் ஆனதிலிருந்து யார் யாருக்கு என்ன செய்தி அனுப்புகிறார்கள் என்று பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அங்கே இருக்கிறது. கேள்வி புரிந்துவிட்டால் பெட்டியின் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு முன் ஓர் அடிப்படை. 4ஜியில் சிக்னலிங், அதாவது கட்டுப்பாட்டுச் செய்திகள், போகும் பாதை வேறு, டேட்டா போகும் பாதை வேறு. நம் கீழ்பவானி வாய்க்காலில் எந்த மதகை எப்போது திறப்பது என்று முறை வைத்துச் சொல்பவர் ஒருவர் இருப்பார், ஆனால் தண்ணீர் அவர் வழியாகப் பாய்வதில்லை. எம்எம்இ அந்த இடத்தில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் வீடியோவின் ஒரு பாக்கெட் கூட எம்எம்இயைத் தொடாது. அது போனோடு ரேடியோவில் பேசும் இநோட்பியிலிருந்து எஸ்-கேட்வே, அங்கிருந்து பி-கேட்வே, அங்கிருந்து இன்டர்நெட் என்று போய்விடும். எம்எம்இ செய்வதெல்லாம் அந்தப் பாதையைத் திறப்பது, மாற்றுவது, மூடுவது. இந்த ஒன்று பிடிபட்டால் பாதிப் படம் தெளிந்த மாதிரி.

இப்போது உங்கள் சைட்டிலிருந்தே ஆரம்பிப்போம். டவர் என்பது இநோட்பி இல்லை. டவர் வெறும் இரும்பு, பெரும்பாலும் அதன் சொந்தக்காரரே வேறு கம்பெனியாக இருப்பார். கீழே கேபினட்டில் இருக்கும் பிபியூவும் (கணக்கிடும் பெட்டி), மேலே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் தொங்கும் ஆர்ஆர்எச்சும் (ரேடியோ பெட்டி), இரண்டையும் இணைக்கும் சிபிஆர்ஐ ஃபைபரும் சேர்ந்ததுதான் இநோட்பி. 3ஜியில் இதற்கு மேலே ஆர்என்சி என்று ஒரு பெட்டி இருந்து, ஹேண்ட்ஓவர் (போனை ஒரு செல்லிலிருந்து, அதாவது ஒரு ஆன்டெனா சேவை தரும் பகுதியிலிருந்து, அடுத்ததற்கு மாற்றுவது) முடிவையெல்லாம் அதுதான் எடுத்தது. 2008 இறுதியில், செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் ரிலீஸ் 8இல் எல்டிஇயை (4ஜியின் தொழில்நுட்பப் பெயர்) வரையறுத்தபோது அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அதன் மூளையில் பெரும்பகுதி உங்கள் கேபினட்டில் இருக்கும் பிபியூவுக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு படி குறைந்ததால் தாமதமும் குறைந்தது.

சைட்டில் ஜிபிஎஸ் ஆன்டெனா ஒன்று இருக்குமே, அது எதற்கு என்று யாராவது சொன்னார்களா? 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40, டிடிடி முறையில் ஓடுகிறது. ஒரே அலைவரிசையில் கொஞ்ச நேரம் இறங்கு திசை (டவரிலிருந்து போனுக்கு), கொஞ்ச நேரம் ஏறு திசை. பக்கத்துப் பக்கத்து சைட்டுகள் எல்லாம் ஒரே கணத்தில் திசை மாற வேண்டும். பிளஸ் மைனஸ் 1.5 மைக்ரோ வினாடிக்குள் நேரம் ஒத்துப்போக வேண்டும் என்பது கணக்கு. ஜிபிஎஸ் அலாரம் வந்து, நேரம் நழுவ ஆரம்பித்தால், உங்கள் செல் அனுப்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்து செல் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் சைட்டில் குறை ஒன்றும் தெரியாது, புகார் மூன்று ஊர் தள்ளி வரும். அதனால் ஜிபிஎஸ் அலாரத்தைச் சின்ன அலாரம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

சரி, போனை ஆன் செய்வோம். போன் முதலில் செல்லின் ஒத்திசைவு சிக்னலைப் பிடித்து, ரேண்டம் அக்செஸ் என்ற முதல் அழைப்பை அனுப்பி, ஆர்ஆர்சி என்ற ரேடியோ இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். இது முழுக்க போனுக்கும் இநோட்பிக்கும் நடுவில் நடப்பது. அந்த இணைப்பின் கடைசிச் செய்திக்குள்ளேயே, நெட்வொர்க்கில் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் அட்டாச் ரிக்வெஸ்ட் பொதிந்து வரும். இநோட்பி அதைப் பிரித்துப் படிக்காது, எஸ்1-எம்எம்இ என்ற இணைப்பு வழியாக அப்படியே எம்எம்இக்குத் தள்ளிவிடும். போனுக்கும் எம்எம்இக்கும் நடுவில் நேராக நடக்கும் இந்தப் பேச்சுக்கு நாஸ் என்று பெயர்.

எம்எம்இயின் முதல் கேள்வி: இவர் யார்? அதற்குச் சந்தாதாரர் விவரம் வைத்திருக்கும் எச்எஸ்எஸ்ஸைக் கேட்க வேண்டும், அந்த வழி எஸ்6ஏ, பேசும் மொழி டயாமீட்டர். ஒவ்வொரு சிம்முக்கும் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று உண்டு. அது சிம்முக்குள்ளும் எச்எஸ்எஸ் பக்கத்திலும் மட்டும்தான் இருக்கும், காற்றில் ஒருபோதும் வராது. எச்எஸ்எஸ் ஒரு புதிர், அதற்கான விடை, நெட்வொர்க் உண்மையானதுதான் என்பதற்கு ஒரு சான்று மூன்றையும் கணக்கிட்டு எம்எம்இக்குக் கொடுக்கும். புதிரும் சான்றும் போனுக்குப் போகும். சிம் முதலில் சான்றைச் சரிபார்க்கும், சரியாக இருந்தால்தான் விடை சொல்லும். 2ஜியில் நெட்வொர்க் போனைச் சோதிக்கும், போன் நெட்வொர்க்கைச் சோதிக்காது. போலி டவர் வைத்து ஏமாற்ற அந்த ஓட்டை போதுமானதாக இருந்தது.

அடையாளம் சரியானதும் எம்எம்இ எஸ்11 வழியாக எஸ்-கேட்வேயிடம் கிரியேட் செஷன் கேட்கும், எஸ்-கேட்வே எஸ்5 வழியாக பி-கேட்வேயிடம் கேட்கும். பி-கேட்வே போனுக்கு ஐபி முகவரி கொடுக்கும். எவ்வளவு வேகம், எந்த பிளான் என்ற விதியைப் பிசிஆர்எஃப் சொல்லும். பதில் அதே வழியில் திரும்பும்போது, எஸ்-கேட்வே தன் பக்கத்துச் சுரங்க எண்ணையும் சேர்த்துக் கொடுக்கும். அதை டிஇஐடி என்பார்கள். டேட்டா பாக்கெட் எல்லாம் இந்த எண் ஒட்டிய ஜிடிபி சுரங்கத்துக்குள்தான் போகும், யுடிபி போர்ட் 2152.

இந்த இடத்தில் நிறைய பேர் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம். எம்எம்இ அந்த எண்ணை இநோட்பிக்கு அனுப்பியதும், இநோட்பிக்கு மேல் நோக்கி டேட்டா அனுப்பத் தெரிந்துவிட்டது. கீழ் நோக்கி? இநோட்பியின் சுரங்க எண் என்னவென்று எஸ்-கேட்வேக்கு இன்னும் தெரியாது. இநோட்பி தன் எண்ணை எம்எம்இக்குத் திருப்பிச் சொல்லி, எம்எம்இ அதை எஸ்-கேட்வேக்குச் சொன்ன பிறகுதான் கீழ்ப்பாதை திறக்கும். அந்தக் கடைசிச் செய்திதான் மாடிஃபை பேரர் ரிக்வெஸ்ட் (பேரர் என்றால் டேட்டா பாதை). படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவரிடம் “அட்டாச்சின் முடிவில் மாடிஃபை பேரர் எதற்கு?” என்று கேட்டால் விழிப்பார். உங்களுக்கு இனி அந்தக் கஷ்டம் இல்லை. அப்லோடு போகிறது, டவுன்லோடு வரவில்லை என்று ஒரு புகார் வந்தால் முதலில் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிட்டது.

அடுத்தது, போன் சட்டைப் பைக்குள் சும்மா இருக்கும் நேரம். சில விநாடிகள் டேட்டா இல்லையென்றால் இநோட்பி இணைப்பை விட்டுவிடச் சொல்லும், போன் ஐடில் ஆகிவிடும். இநோட்பி அந்தப் போனை அடியோடு மறந்துவிடும். ஆனால் ஐபி முகவரி போகாது. எஸ்-கேட்வேக்கும் பி-கேட்வேக்கும் நடுவில் உள்ள சுரங்கம் அப்படியே இருக்கும், எஸ்-கேட்வேயிலிருந்து இநோட்பிக்கு வரும் பகுதி மட்டும்தான் அறுந்திருக்கும். எஸ்-கேட்வே என்று தனியாக ஒன்று எதற்கு, பி-கேட்வே போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இதில் இருக்கிறது.

இப்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-கேட்வே அதைப் பிடித்து வைத்துக்கொண்டு எம்எம்இக்குத் தகவல் கொடுக்கும். போன் எந்த செல்லில் இருக்கிறது என்று எம்எம்இக்கும் தெரியாது, எந்த டிராக்கிங் ஏரியா (பல செல்கள் சேர்ந்த பகுதி) என்று மட்டும் தெரியும். அந்த ஏரியாவில் இருக்கும் இநோட்பிகளுக்குப் பேஜிங் (போனைக் கூப்பிடும் செய்தி) அனுப்பும். போன் அதைக் கேட்டுச் சர்வீஸ் ரிக்வெஸ்ட்டோடு எழுந்து வந்ததும் அறுந்த சுரங்கம் மறுபடி போடப்பட்டு, பிடித்து வைத்த பாக்கெட் இறங்கும். டிராக்கிங் ஏரியாவைப் பெரிதாக வைத்தால் ஒரு செய்திக்கு ஊர்பட்ட இநோட்பிகள் பேஜிங் போட வேண்டும். சிறிதாக வைத்தால் பஸ்ஸில் போகிற போனெல்லாம் எல்லை தாண்டும் போதெல்லாம் அப்டேட் சொல்லிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் சிக்னலிங்கும் வீண். எல்லையை எங்கே போடுவது என்பது நல்ல ஆப்டிமைசேஷன் ஆளின் வேலை. ஜன நடமாட்டம் மிகுந்த பஸ் ஸ்டாண்ட் நடுவில் ஏரியா எல்லை விழக் கூடாது.

ஐடில் போனோடு கோவையிலிருந்து வாளையார் தாண்டிப் போகிறீர்கள். தமிழ்நாடு சர்க்கிள் முடிந்து கேரளா சர்க்கிள் தொடங்கும். பல ஆபரேட்டர்களுக்கு சர்க்கிளுக்கு சர்க்கிள் நெட்வொர்க் கோட் மாறும். போனில் செல் விவரம் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்துவைத்தால் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கலாம். போன் புது ஏரியாவில் டிராக்கிங் ஏரியா அப்டேட் சொல்லும். எம்எம்இயும் மாறும் இடமென்றால், புதியது பழையதிடம் போனின் விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், அந்த வழிக்குப் பெயர் எஸ்10.

ஐடில் இல்லாமல், ஈரோட்டில் ரயிலேறி வீடியோ பார்த்துக்கொண்டே ஊத்துக்குளி தாண்டித் திருப்பூர் போகிறீர்கள் என்றால் கதை வேறு. இப்போது ஹேண்ட்ஓவர். பக்கத்து செல் இன்ன அளவுக்கு மேல் நன்றாகக் கேட்கிறது என்று போன் அறிக்கை அனுப்பும். போன் அறிக்கை கொடுக்கும், அவ்வளவுதான். முடிவெடுப்பது இப்போது சேவை தரும் இநோட்பி. அது இரண்டு இநோட்பிகளையும் இணைக்கும் எக்ஸ்2 வழியாகப் பக்கத்து இநோட்பியிடம் இடம் கேட்டு வாங்கி, போனை அங்கே போகச் சொல்லும். நடுவில் வந்து சேரும் பாக்கெட்டுகளை எக்ஸ்2 வழியாகவே தள்ளிவிடும். போன் அந்தப் பக்கம் சேர்ந்ததும், புது இநோட்பி எம்எம்இக்குப் பாத் ஸ்விட்ச் சொல்லும், எம்எம்இ எஸ்-கேட்வேயிடம் சுரங்கத்தைத் திருப்பச் சொல்லும். பி-கேட்வேக்கு இதில் எதுவும் தெரியவே தெரியாது. ஐபி மாறாது, வீடியோ நிற்காது. எஸ்-கேட்வேக்கான பதிலின் மறுபாதி இது. போன் நகரும்போது கீழே எது மாறினாலும் அது மேலே தெரியாமல் தாங்கிக்கொள்கிறது.

எக்ஸ்2 என்றால் இரண்டு சைட்டுக்கும் நடுவில் தனி ஒயர் போட்டிருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் சைட்டிலிருந்து போகும் ஒரே ஃபைபரில்தான், அல்லது மைக்ரோவேவ் லிங்கில்தான், எஸ்1, எக்ஸ்2, ஓஎம் (பராமரிப்புக் கட்டுப்பாடு) எல்லாம் போகின்றன. வித்தியாசம் ஐபி முகவரியிலும் விலானிலும் (ஒரே இணைப்பைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் முறை) மட்டுமே. அதனால் பிங் போகிறது, ஆனால் எஸ்1 டவுன் என்று அலாரம் நிற்கிற நிலைமை வரும். எஸ்1 சிக்னலிங் எஸ்சிடிபி என்ற நெறிமுறையின் மேல், போர்ட் 36412இல் ஓடுகிறது. நடுவில் ஒரு ஃபயர்வால் அதை விடவில்லையென்றால் பிங் மட்டும் போய்க்கொண்டிருக்கும். எஸ்சிடிபி எழுந்தும் எஸ்1 செட்டப் ஃபெயிலியர் வந்தால், காஸை, அதாவது அதில் வரும் காரணக் குறிப்பை, படியுங்கள். அன்னோன் பிஎல்எம்என் என்று இருந்தால் இநோட்பியில் போட்ட நெட்வொர்க் கோடும் எம்எம்இயில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை. கார்டை மாற்றுவதற்கு முன்னால் இதைப் பார்த்தால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

குரல் அழைப்பைப் பற்றிச் சுருக்கமாக. 4ஜி முழுக்க பாக்கெட் நெட்வொர்க், பழைய மாதிரி வாய்ஸ் சர்க்யூட் அதில் கிடையாது. ஆரம்பத்தில் அழைப்பு வந்தால் போனை 2ஜி, 3ஜிக்கு இறக்கிவிட்டார்கள், அதற்கு சிஎஸ்எஃப்பி என்று பெயர். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ சேவை தொடங்கியபோது கீழே இறக்க அவர்களிடம் 2ஜி, 3ஜி இல்லை, எல்லாம் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே போகும் குரல் அழைப்புதான். வோல்டியில் இன்டர்நெட் பேரர் ஒரு பக்கம் இருக்க, ஐஎம்எஸ் (குரல் அழைப்பை நடத்தும் அமைப்பு) சிக்னலிங்குக்கு க்யூசிஐ (சேவைத் தர வகை எண்) 5இல் தனிப் பேரர் எப்போதும் இருக்கும். அழைப்பு தொடங்கியதும் பிசிஆர்எஃப் சொல்லி க்யூசிஐ 1இல் உறுதியான வேகத்தோடு இன்னொரு பேரர் திறக்கும், அழைப்பு முடிந்ததும் மூடும். டேட்டா தவழும்போதும் குரல் தெளிவாக வருவது இதனால்தான்.

ரேடியோ பக்கம் தனிக் கடல். ஒரு கணக்கு மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். எல்டிஇயில் ஒரு துணை அலை 15 கிலோஹெர்ட்ஸ். 12 சேர்ந்தால் ஒரு ரிசோர்ஸ் பிளாக், 180 கிலோஹெர்ட்ஸ். 20 மெகாஹெர்ட்ஸில் 100 பிளாக். ஒரு மில்லி விநாடியில் 14 சிம்பல். அப்படியானால் ஒரு பிளாக்குக்கு 12 × 14 = 168 இடம். 64 க்யூஏஎம் என்ற பண்பேற்ற முறையில் ஒரு இடத்துக்கு 6 பிட். 100 × 168 × 6 = 1,00,800 பிட், ஒரு மில்லி விநாடிக்கு. விநாடிக்குச் சுமார் 100 மெகாபிட், இரண்டு ஆன்டெனா வழியில் 200. கட்டுப்பாட்டுச் சேனல், ரெஃபரன்ஸ் சிக்னல், பிழை திருத்தம் என்று கால் பங்கு கழிந்தால் 150. போன் விளம்பரத்தில் கேட்டகரி 4 என்றால் 150 எம்பிபிஎஸ் என்று போடுவது இங்கிருந்து வருவதுதான்.

இந்த 100 பிளாக்கை அந்த செல்லில் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் விடும் நேரத்தில் ஃபுல் பாயின்ட் காட்டியும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதென்றால் காரணம் அதுதான். பாயின்ட் காட்டுவது பெரும்பாலும் ஆர்எஸ்ஆர்பியை, அதாவது சிக்னல் பலத்தை, வைத்து. அது மைனஸ் 80 என்று நன்றாக இருந்தாலும், எஸ்ஐஎன்ஆர் (குறுக்கீடு, இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் தரம்) மோசமாகவோ பிளாக் தீர்ந்துபோயோ இருந்தால் வேகம் வராது. திம்பம் மலைப்பாதையில் கதையே தலைகீழ். கூட்டம் இல்லை, ஆனால் மலை மறைக்கிறது. அங்கே 2300 மெகாஹெர்ட்ஸ் சீக்கிரம் செத்துவிடும், 850 இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு பயிற்சி. ஆண்ட்ராய்டு போனில் *#*#4636#*#* அழுத்தினாலோ, செல் விவரம் காட்டும் ஏதாவது ஆப் போட்டாலோ செல் ஐடி தெரியும். உதாரணத்துக்கு 78123523 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது 28 பிட் எண், முதல் 20 பிட் இநோட்பி எண், கடைசி 8 பிட் செல் எண். 256ஆல் வகுத்தால் ஈவு 305170, மீதி 3. அதாவது 305170ஆம் இநோட்பியின் 3ஆம் செல். உங்கள் சைட்டைச் சுற்றி நடந்து மீதி எங்கே மாறுகிறது என்று பாருங்கள், செக்டர் எல்லை புரியும். ஆப் டைமிங் அட்வான்ஸ் காட்டினால் அதை 78 மீட்டரால் பெருக்குங்கள், டவரிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்று வரும். 20 என்றால் ஒன்றரை கிலோமீட்டர்.

அடுத்தது லேப்டாப். உபுண்டு போட்டு எஸ்ஆர்எஸ்ரான் 4ஜி என்ற மென்பொருளை நிறுவுங்கள். ஜீரோஎம்க்யூ என்ற வசதியால் போன், இநோட்பி, கோர் மூன்றும் ஒரே லேப்டாப்பில் ரேடியோ ஹார்டுவேர் இல்லாமலேயே ஓடும், காசு செலவில்லை. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் எஸ்1ஏபி (எஸ்1 சிக்னலிங்) செய்திகளைப் பிடியுங்கள். குறியாக்கத்தை இஇஏ0 (குறியாக்கம் இல்லை) என்று வைத்தால் உள்ளே இருக்கும் நாஸ் செய்தியும் படிக்கக் கிடைக்கும். அதன் கோர் எல்லாவற்றையும் ஒரே புரோகிராமுக்குள் வைத்திருப்பதால் எஸ்6ஏ, எஸ்11 வெளியே தெரியாது. அவை வேண்டுமென்றால் கோருக்கு மட்டும் ஓப்பன்5ஜிஎஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள்.

ஓடியதும் வேண்டுமென்றே உடையுங்கள். கோர் பக்கத்துச் சந்தாதாரர் பட்டியலில் ரகசியச் சாவியின் ஒரு எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி அட்டாச் செய்யுங்கள். போன் “மேக் ஃபெயிலியர்” என்று சொல்லி நெட்வொர்க்கை மறுக்கும். மேலே சொன்ன சான்று சரிபார்ப்பை அப்போது நேரில் பார்ப்பீர்கள். பிறகு டிராக்கிங் ஏரியா கோடை மாற்றிப் பாருங்கள், ஏபிஎன் (போன் சேர வேண்டிய டேட்டா நெட்வொர்க்) பெயரைத் தப்பாகப் போட்டுப் பாருங்கள். ஆனால் ரேடியோ ஹார்டுவேர் வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் காற்றில் அனுப்ப மட்டும் வேண்டாம், சட்டப்படி குற்றம்.

5ஜி வந்துவிட்டதே, இனி இதைப் படித்து என்ன பயன் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என்எஸ்ஏ (தனித்து நிற்காத) முறை 5ஜி இந்த 4ஜி கோரின் மேல்தான் ஓடுகிறது. தனி 5ஜி கோரிலும் சிக்னலிங் ஒரு பக்கம், டேட்டா ஒரு பக்கம் என்ற பிரிவு இன்னும் கறாராக இருக்கிறது. பிஎஸ்என்எல் 4ஜியில் சி-டாட் செய்த கோர், தேஜஸ் ரேடியோ என்று நம் நாட்டுச் சரக்கே ஓடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆட்களுக்கு வேலை இருக்கிறது.

யூடியூப் வீடியோக்களைத் தேவைக்குப் பாருங்கள், ஆனால் மூலத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். 3ஜிபிபி ஆவணங்கள் எல்லாம் இலவசம். 23.401 என்ற எண்ணுள்ள ஆவணத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். 5.3.2.1 அட்டாச், 5.3.4.3 பேஜிங் வழியாக எழுப்புவது, 5.5.1.1 எக்ஸ்2 ஹேண்ட்ஓவர், இந்த மூன்று பகுதிகளை வயர்ஷார்க் கோப்பைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் எஸ்1ஏபிக்கு 36.413, நாஸுக்கு 24.301, ஆர்ஆர்சிக்கு 36.331. எங்காவது அட்டாச் நின்றுவிட்டால், எந்தச் செய்திக்குப் பிறகு நின்றது, காஸ் என்ன வந்தது என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு கேளுங்கள், அங்கிருந்து பிடித்துப் பார்த்துவிடலாம்.